படுதா ஜீப்பும் பஞ்சு வைத்த கதவும்

ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து உடுமலைக்கு வண்டி ஓட்டுகிறவரின் வலது காதுக்குத் தனிச் சோதனை. சாலை வடக்கிலிருந்து தெற்கே இறங்குகிறது. காற்றோ பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி மேற்கிலிருந்து வந்து, குறுக்கே நேராக ஓட்டுநர் கதவில் மோதுகிறது. இரண்டு பக்கமும் நிற்கிற காற்றாலைகள் சும்மா ஒன்றும் அங்கே நடப்படவில்லை. அந்த மாதிரி நாளில் எண்பதில் போனாலே கண்ணாடி ஓரத்தில் 'உய்ய்' என்று ஒரு விசில் கிளம்பும். லாரி ஒன்றைக் கடந்தால் விசில் அறுந்து, மறுபடி தொடங்கும்.

முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன் இதே சாலையில் ஜீப்பில் போனவர்கள் யாரும் காற்றுச் சத்தம் என்று குறைப்பட்டுக்கொண்டதில்லை. அப்போதும் அடித்தது இதே காற்றுதான். ஆனால் ஜீப்பில் கதவே இருக்காது.

அந்த ஜீப்பு இன்றைக்கு ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் வாசலில் பி.டி.ஓ.வின் ஜீப்பு. வேட்பாளர் கும்பிட்டுக்கொண்டே நிற்கிற தேர்தல் ஜீப்பு. அமராவதி, திருமூர்த்திமலைப் பக்கம் வனத்துறை ஜீப்பு. பஞ்சாலை முதலாளி வீட்டில் ஒன்று, தென்னந்தோப்புக்காரர் வீட்டில் ஒன்று. 1945-ல் லூதியானாவில் தொடங்கிய மகிந்திரா நிறுவனம், 1947-ல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்ட ஆரம்பித்தது. யுத்தத்துக்காகச் செய்த வண்டி அது. ஆற்றில் இறங்க வேண்டும், மேட்டில் ஏற வேண்டும், கெட்டுப்போனால் ஸ்பானரும் சுத்தியலும் வைத்து வழியிலேயே சரிசெய்ய வேண்டும். உள்ளே உட்காருகிறவர் காது என்ன பாடுபடும் என்பது யாருடைய கணக்கிலும் இல்லை.

மேலே கேன்வாஸ் படுதா. முன்னால் தட்டையான கண்ணாடிச் சட்டம். வேண்டுமென்றால் பானட் மேல் மடக்கிப் போட்டுவிடலாம். தரையில் வெறும் தகடு, அதன் மேல் ஒரு ரப்பர் மேட், அதுவும் பாதி கிழிந்தது. முதலில் பெட்ரோல் எஞ்சின், பிறகு டீசல். அந்த டீசலில் ஒரு வகை டிராக்டர் எஞ்சினின் தம்பிதான். ஸ்டார்ட் செய்தால் டாஷ்போர்டு, ஸ்டியரிங், பக்கத்தில் இருப்பவரின் கன்னம் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடும். கியர்ப்பெட்டி ஒரு சுருதியில் ஊளையிடும், நாலு சக்கரத்துக்கும் விசை பிரிக்கிற பெட்டி இன்னொரு சுருதியில். 6.00-16 அளவில் ஒடுங்கிய பட்டன் டயர்கள் தாரில் 'ங்ங்ங்' என்று இழுக்கும். படுதா பின்னால் படபடவென்று அடித்துக்கொள்ளும். பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்தினதும் பாதிதான் கேட்கும். "ரைட்டு, ரைட்டு" என்று தலையாட்டிவிட்டு, இறங்கினபிறகு மறுபடி கேட்டுக்கொள்வார்கள்.

இதை யாரும் கஷ்டமாக நினைக்கவில்லை. அதற்கு இந்த மண்ணில் தனியாக ஒரு காரணமும் உண்டு. பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கம் ஊருக்கு ஊர் விசைத்தறி. நாடா ஓடுகிற பழைய தறிகள் வரிசையாக ஓடுகிற கொட்டகைக்குள் சத்தம் 100 டெசிபலை ஒட்டி நிற்கும். எட்டு மணி நேரம் வேலை செய்கிற இடத்தில் 90-ஐத் தாண்டக் கூடாது என்பது தொழிற்சாலைச் சட்ட விதியாக இருந்தது. விதி எங்கே, தறிக்கொட்டகை எங்கே! அங்கே உதடு அசைவதைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அந்தக் கொட்டகையிலிருந்து வெளியே வந்து ஜீப்பில் ஏறினவருக்கு ஜீப்பு இரைச்சல் ஓய்வு மாதிரித்தான் இருந்திருக்கும்.

டிரைவருக்கோ அந்தச் சத்தம் தேவையாகவே இருந்தது. எந்தச் சக்கரத்தில் பேரிங் தேய்கிறது, எந்த ஜாயிண்டில் கிரீஸ் வற்றிவிட்டது, பிளேடு பட்டையில் எது விரிசல் விட்டிருக்கிறது என்பதெல்லாம் காதுவழியாகத்தான் தெரியும். "பின்னாடி டக்குனு ஒரு சத்தம் வருதுங்க முதலாளி, தாராபுரத்துல நிறுத்திப் பாத்துக்கலாமுங்" என்று சொல்கிற டிரைவருக்குச் சம்பளத்தில் ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

*

பிறகு எப்போது திருப்பூருக்கு வண்டிக்குள் அமைதி தேவைப்பட்டது?

வண்டி மாறினதால் என்று சொல்வது பாதி உண்மை. வண்டிக்குள் நடக்கிற வேலை மாறினது மீதிப் பாதி. 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்கிற இறக்குமதியாளர் பம்பாய் வழியாகத் திருப்பூருக்கு வந்து பனியன் கேட்டார் என்பது ஊர் வரலாறு. அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பேச்சு என்பது டிரங்க் கால் போட்டுக் காத்திருப்பது. தந்தி, டெலக்ஸ், கடிதம். முதலாளி ஜீப்பில் ஏறிவிட்டால் இறங்குகிறவரை அவரை யாரும் பிடிக்க முடியாது. அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு இரைச்சல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இன்றைக்கு ஜெர்மனியில் மதியம் ஒன்றரை, இரண்டரை மணி ஆகும்போது இங்கே சாயங்காலம் ஆறு. பையர் சாப்பிட்டுவிட்டு சீட்டில் உட்கார்ந்து போனை எடுக்கிற அதே நேரத்தில்தான், இங்கே கம்பெனிக்காரர் டையிங்கிலிருந்து பிரிண்டிங்குக்கோ, பேக்டரியிலிருந்து வீட்டுக்கோ வண்டியில் போய்க்கொண்டிருப்பார். ஷேடு ஒத்து வரவில்லை, ஷிப்மென்ட் தள்ளிப்போகுமா, துண்டுக்கு மூன்று சென்ட் குறைக்க முடியுமா என்கிற பேச்சு எல்லாம் அவிநாசி ரோட்டில் எண்பது, தொண்ணூறு வேகத்தில் நடக்கிறது. அந்தப் பேச்சில் 'தேர்ட்டீன்' என்றது 'தேர்ட்டி' என்று காதில் விழுந்தால் தீர்ந்தது. வண்டியின் மைக், பேசுகிறவர் குரலோடு டயர் இரைச்சலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்ப் பையர் காதில் கொட்டும். திருப்பூரில் அமைதிக்கு இப்போது விலை இருக்கிறதென்றால், அந்த விலையை நிர்ணயித்தது செல்போன்.

சரி, போன் பேச வசதியாக ஒரு செடான் வாங்கலாமே? அது நடக்காது. ஜீப்பின் மேல் இருக்கிற ஆசை இந்த ஊரை விட்டுப் போகவில்லை. 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியை ஓட்டினவர்களில் பலரும், 2010-ல் படுதாவோடு வந்த முதல் மகிந்திரா தாரை ஓட்டினவர்களும் கெட்டி மேல்மூடியை வெளியே பட்டறையில்தான் போட்டுக்கொண்டார்கள். 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறையில்தான் தாருக்குக் கெட்டி மேல்மூடியே கம்பெனியில் பொருத்தி வந்தது. 2024-ல் ஐந்து கதவு ராக்ஸ். பெயர் ஜீப்பு பரம்பரை. உள்ளே குளிர்சாதனம், தொடுதிரை, நாலு பேர் போன் பேசுகிற வீட்டு ஹால். அவற்றில் பாதி வண்டி சேற்றைப் பார்த்ததே அவிநாசி ரோட்டு வாட்டர்வாஷில்தான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேலியில் கொஞ்சம் பொறாமையும் உண்டு. வால்பாறை, கொழுக்குமலை என்று சனி ஞாயிறில் நிஜமாகவே மலையேறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த வண்டியின் உருவம் இன்னும் பழைய ஜீப்பின் உருவம்தான். நிமிர்ந்து நிற்கிற முன்கண்ணாடி, வெளியே துருத்துகிற கதவுக் கீல், பெரிய பக்கக் கண்ணாடி, பெட்டி மாதிரி முதுகு. காற்று இதில் வழுக்கிப் போகாது. மோதி, கிழிந்து, முன்தூணுக்குப் பின்னால் சுழலாகிக் கண்ணாடியைத் தட்டும். 

வேகம் இந்தக் கதையில் முக்கியமான ஆள். காற்றுச் சத்தம் வேகத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது. ஐம்பதில் போகிற வண்டி நூறில் போனால் அந்தச் சத்தத்தின் ஆற்றல் சுமார் 64 மடங்கு, அதாவது 18 டெசிபல் கூடுகிறது. காதுக்குப் பத்து டெசிபல் என்பது ஏறக்குறைய இரட்டிப்பு, ஆகவே மூன்று மடங்குக்கு மேல் பலமாகக் கேட்கும். பழைய ஜீப்பு ஓடினதே ஐம்பது, அறுபதில்தான். அதற்கு மேல் போக வண்டியும் விடாது, இரண்டு லாரி ஒதுங்க இடமில்லாத பழைய 47-ஆம் நம்பர் ரோடும் விடாது. செங்கப்பள்ளியிலிருந்து நீலாம்பூர்வரை ஆறுவழியாக விரிந்தபிறகு நூறு என்பது சாதாரண வேகம் ஆகிவிட்டது. ஆகவே காற்றுச் சத்தம் இந்த ரோடு பெற்ற பிள்ளை. அப்போது அது இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. எஞ்சினுக்கு அடியில் அமுங்கிக் கிடந்தது. எஞ்சின் அடங்கினால் டயர் கேட்கும். டயரை அடக்கினால் காற்று. காற்றையும் அடக்கினால் டாஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு கிளிப்பு 'கிரீச் கிரீச்' என்று கூப்பிடும். இரைச்சலைக் குறைக்கிற தொழிலில் எந்த வாடிக்கையாளரும் முழுத் திருப்தியோடு வீடு போகாததற்கு இதுதான் காரணம்.

*

இந்த வேலை தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் வண்டி வந்தவுடன் ஷீட் ரோலை எடுக்க மாட்டார். முதலில் கேள்வி.

"சத்தம் எந்தப் பக்கமிருந்துங்கண்ணா வருது?"

"எல்லாப் பக்கமும் வருதுங்க."

"எல்லாப் பக்கமும் வருதுன்னா ஏதோ ஒரு பக்கம் சந்து இருக்குதுங்."

பெயின்ட் அடிக்கிறவர்கள் ஒட்டுகிற காகித டேப்பை எடுத்து, கதவு இடுக்கு, கண்ணாடி ஓரம், மேல்மூடி சேருகிற கோடு, பக்கக் கண்ணாடியின் அடி என்று எல்லாவற்றையும் மூடி ஒட்டுவார். அப்படியே ரோட்டில் ஒரு சுற்று. விசில் நின்றுவிட்டால் ஒவ்வொரு டேப்பாக உரித்துக்கொண்டே மறுபடி மறுபடி ஓட்டம். எதை உரித்ததும் விசில் திரும்புகிறதோ அங்கேதான் ஓட்டை. பிறகு அந்தக் கதவின் ரப்பர் பீடிங்கில் சாக்பீஸ் தூளைத் தடவிக் கதவைச் சாத்தித் திறப்பார். சட்டத்தில் வெள்ளைக் கோடு தொடர்ச்சியாக விழ வேண்டும். விட்டுப்போன இடத்தில் ரப்பர் அமரவில்லை. கதவுக் கொக்கியை ஒரு நூல் உள்ளே தள்ளிப் பூட்டினால் சிலசமயம் வேலை முடிந்தது. செலவு ஒரு டீ. ஓடுகிற வேகத்தில் பக்கக் கண்ணாடிக்கு வெளியே காற்றழுத்தம் குறைந்து கதவின் மேல்சட்டத்தை வெளியே இழுக்கும். நிற்கும்போது இறுக்கமாக இருக்கிற ரப்பர் நூறில் பிளந்துகொள்வது அதனால்தான்.

சந்துகளை அடைப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு? கணக்கு எளியது. சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்து கிடந்தால், 20 டெசிபலுக்கு மேல் அந்தச் சுவரால் தடுக்க முடியாது. ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி முலாம் பூசுகிற மாதிரி, பீடிங் பிய்ந்த கதவுக்குள் ஆயிரக்கணக்கில் ஷீட் ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

சந்து அடைபட்ட பிறகுதான் தகடு. கதவின் உள்பேடைக் கழற்றி, தகட்டை விரல்முட்டியால் தட்டினால் 'டங்' என்று நீளமாக அதிரும். பியூட்டைல் ரப்பரும் மேலே அலுமினியத் தாளும் சேர்ந்த டேம்பிங் ஷீட்டை வெட்டி, உருளை வைத்து அழுத்தி ஒட்டினபின் தட்டினால் 'டொக்'. அவ்வளவுதான். அதிர்கிற தகட்டின் நடுப்பகுதியில் கால்வாசி இடத்தை மூடினாலே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும். கதவு, தரை, கூரை என்று ஓரம்வரை இழைத்து ஒட்டி எடையைக் கூட்டுவது வாடிக்கையாளர் கண்ணுக்காக. கூரைக்கு ஒழுகாமல் ஒட்டுகிற தார்ப்பட்டையை மலிவென்று வண்டிக்குள் ஒட்டினவர்கள் சித்திரை வெயிலில் தார் வாசத்தோடுதான் பயணம் செய்ய வேண்டும். 

இந்த ஷீட் தகட்டின் அதிர்வைக் கொல்லும். காற்றுவழியாக வருகிற சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும். கனம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். உள்ளே வந்துவிட்ட சத்தத்தை விழுங்கத்தான் மூன்றாவது ஒன்று வேண்டும். அங்கேதான் திருப்பூர் கதைக்குள் வருகிறது.

*

கார் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு தடித்த பட்டை. கிட்டத்தில் பார்த்தால் அது சாம்பல் நிறமே இல்லை. சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு என்று நூறு நிற இழைகள் பின்னிக் கிடக்கும். பழைய துணியையும் வெட்டுத் துண்டையும் பற்சக்கரத்தில் கிழித்து, இழையாக்கி, பிசினோ உருகும் இழையோ சேர்த்து அமுக்கின பெல்ட் (felt) அது. உலகமெங்கும் கார்களின் தரையிலும் எஞ்சின் தடுப்புச் சுவரிலும் இதைப் பல பத்தாண்டுகளாக வைக்கிறார்கள். இந்தப் பட்டையில் இருக்கிற சிவப்பு இழை திருப்பூரில் வெட்டின பனியனா, பானிப்பட்டில் கிழித்த கம்பளியா என்று யாராலும் சொல்ல முடியாது.

கட்டிங் வேஸ்டுக்கு இந்த ஊரில் எப்போதுமே கிராக்கி. கழுத்து வளைவு, கைவளைவு வெட்டின துண்டுகளை நிறம் பிரித்து மூட்டை கட்டுவார்கள். வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஒரு விலை. நல்லது ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லுக்குப் போய் மறுபடி நூலாகும். மிச்சம் பனியன் வேஸ்டாகக் கிலோக் கணக்கில் ஊர் ஊராகப் பட்டறைக்குப் போகும். அன்றைக்கு ஜீப்பு டிரைவர் டிப்ஸ்டிக்கைத் துடைத்ததும் இதே துணியில்தான். அன்று எண்ணெயைக் குடித்த துண்டின் சாதிசனம் இன்று சத்தத்தைக் குடிக்கிறது.

எப்படிக் குடிக்கிறது? சத்தம் என்பது காற்றின் அசைவு. இழைகளுக்கிடையே அந்தக் காற்று நுழைந்து உரசி, உரசலில் வெப்பமாகித் தீர்ந்துபோகிறது. ஆகவே பஞ்சு தளர்வாக, காற்று புகும்படி இருக்க வேண்டும். இதற்கு எதிர் உதாரணம் கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கார். 1957 முதல் 1991 வரை ஸ்விக்காவில் செய்தார்கள். எஃகு கிடைக்காத பஞ்சத்தில், சோவியத் நாட்டுப் பஞ்சுக் கழிவைப் பீனால் பிசினில் ஊறவைத்து அழுத்தி அதன் உடல் தகடுகளைச் செய்தார்கள். பஞ்சால் ஆன கார், ஆனால் இரைச்சலுக்குப் பேர்போனது. பிசினில் இறுகிவிட்ட பஞ்சு வெறும் பலகை.

பெல்ட்டுக்கும் எல்லை உண்டு. ஒலியலையின் நீளத்தில் கால்பங்கு தடிமன் இருந்தால்தான் முழுசாக விழுங்கும். ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலிக்கே எட்டரை சென்டிமீட்டர் வேண்டும். கண்ணாடி ஓரத்துச் சீறலை விரல் தடிமன் பெல்ட் நன்றாகக் குறைக்கும். சேஸிஸ் வழியாக ஏறுகிற 'பூம்ம்' என்கிற அடிக்குரலை அதனால் தொடக்கூட முடியாது. 

ஜீப்புக்கு இன்னொரு சிக்கல், தண்ணீர். ஓடையில் இறங்கின வண்டியின் தரையில் பஞ்சு பெல்ட் இருந்தால் ஊறி, நாறி, அடித்தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் நிஜமாகவே மலைக்குப் போகிறவர்கள் தரையில் தண்ணீர் குடிக்காத மூடிய நுரை ரப்பரும், கூரையில் மட்டும் பெல்ட்டும் வைக்கிறார்கள். கதவின் அடியில் இருக்கிற வடிகால் ஓட்டைகளை ஷீட்டால் மூடிவிடுகிற அவசரக்காரர்கள் அடுத்த மழைக்குக் கதவுக்குள் ஒரு சின்னக் குளமே வளர்க்கலாம்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு டயரைச் சொல்லாவிட்டால் மோசடி. கதவுக்கும் கூரைக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, அதே வாரத்தில் படம் எடுக்க நன்றாயிருக்கும் என்று சேற்று டயர் மாட்டுகிறவர்கள் ஒரு கூட்டம். பெரிய பெரிய ரப்பர் கட்டிகள் வரிசையாகத் தாரில் அறைந்து, இடுக்கில் அமுங்கின காற்று 'பொக் பொக்' என்று வெளியேறுகிற சத்தம், வேகத்தில் ஒரே ஊளையாகிவிடும். கட்டிகளின் அளவை மாற்றி மாற்றி வைத்து அந்த ஊளையை ஒரே சுருதியில் சேரவிடாமல் உடைக்க டயர் கம்பெனிகள் பாடுபடுகின்றன; ஆனாலும் சேற்று டயர் சேற்று டயர்தான். அவிநாசி ரோட்டில் சேறு எங்கே இருக்கிறது? என் கணக்கில், தார் ரோட்டிலேயே ஓடுகிற ஜீப்புக்கு நல்ல ரோட்டு டயரும் புதுப் பீடிங்கும் போட்டால் பாதி வியாதி போய்விடும். பட்டறைக்காரர்களுக்கும் இது தெரியும். வாடிக்கையாளரிடம் டயரைக் குறை சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்பதும் தெரியும்.

அமைதி வந்ததில் நஷ்டம் இல்லாமலும் இல்லை. நூறில் போகிறோம் என்பது காதுக்குத் தெரியாதபோது கால் தானாக அழுத்துகிறது. பேரிங் ஊளையிட்டது கதவைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பேரிங்கே போய்விடுகிறது. உடுமலைக்கு மேலே மலையில் பழங்குடிச் செட்டில்மென்ட்டுகளின் பக்கம் கரடுமுரடான தடத்தில் ஓட்டுகிறவர்கள் இன்றும் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். கல் உருளுகிற சத்தமும் எதிரே யானை ஒடிக்கிற கிளைச் சத்தமும் அவர்களுக்குக் கேட்டாக வேண்டும். போன் அங்கே எடுக்காது.

கீழே ஊரில் இப்போது மின்சார வண்டிகள் கூடிக்கொண்டு வருகின்றன. எஞ்சினே இல்லை, ஆகவே டயரும் காற்றும் அம்மணமாகக் கேட்கின்றன. எஞ்சின் இல்லாத வண்டிக்கு ஏன் சத்தம் அடைக்கிற வேலை என்று வியப்போடு கேட்டுக்கொண்டே அந்த வண்டிக்காரர்களும் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்துகிறார்கள். பட்டறைக்காரர் காகித டேப் உருளையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கிறார்: "எந்தப் பக்கமிருந்துங்கண்ணா வருது?"